வரப்பை வெட்டிவிட்டேன்

டிசம்பர் 6

அக்காவுக்கு,

நீ என் போனை எடுக்க மாட்டாய், அதனால்தான் கடிதம். கால் எப்படி இருக்கிறது? மாமா ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்துக்குமாக அலைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உன் ஸ்ட்ராபெரிச் செடிகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திட்டாதே.

மழையும் பனியுமாகக் கொட்டுகிறது. வேர் விறைத்துவிடுமே என்று வைக்கோலைக் கனமாகப் போர்த்தினேன். அப்படியும் இலை தொங்குகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அழுகிக் கொழகொழவென்று இருந்தது. என்ன செய்யட்டும், சொல்.

தம்பி

டிசம்பர் 11

தம்பிக்கு,

கால் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. உன்னிடம் தோட்டத்தை விட்டதைப் பற்றி உன் மாமா மூச்சு விடவில்லை. அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

சொதசொதவென்று இருக்கிற மண்மேல் யாராவது வைக்கோல் போடுவார்களா? முதலில் அதை எடு. குளிர்காலத்தில் செடி தூங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது. வேரைக் கொல்வது குளிர் இல்லை, தேங்கிய தண்ணீர். உரமும் போடாதே, இனி செடியைப் பிடுங்கியும் பார்க்காதே. மண் உலர்ந்த பிறகு வைக்கோலை மெல்லிசாகத் தூவு.

முன்பெல்லாம் மழைத்தண்ணீர் உன் நிலத்து வழியாக ஓடைக்குப் போய்விடும். நீ வரப்பை உயர்த்திய பிறகு எங்கே போகும்? இரண்டு குளிர்காலமாக வாளியில் அள்ளிக் கொட்டினேன். அப்படி அள்ளும்போதுதான் வழுக்கி விழுந்தேன். குத்திக்காட்டவில்லை. காலைப் பற்றிக் கேட்டாய், சொன்னேன். அந்தச் செடிகள் போனால் அடுத்த வருஷத்துக்கு என் கையில் ஒன்றும் இல்லை.

அக்கா

டிசம்பர் 15

அக்கா,

நீ அங்கே விழுந்தாய் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. படித்ததும் சோறு இறங்கவில்லை. மண்வெட்டியை எடுத்துப் போய் வரப்பை வெட்டிவிட்டேன். தேங்கிய தண்ணீர் முழுக்க என் வெங்காயப் பாத்திக்குள் வந்துவிட்டது. வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்று, "இப்ப வெங்காயத்துக்கு என்ன பதில்?" என்றாள். "வெங்காயத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். முறைத்தாள். அப்புறம் அவளே இறங்கி ஓடை வரைக்கும் வாய்க்கால் இழுத்தாள். ஓரத்து வெங்காயம்தான் போனது.

தம்பி

ஜனவரி 22

அக்கா,

பிடுங்கவில்லை, சத்தியமாக. விரலால் மண்ணை லேசாக விலக்கித்தான் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் செடிகள் போய்விட்டன. மற்றதெல்லாம் புது வேர் விட்டிருக்கிறது, வெள்ளை வெளேரென்று. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதுதான் மூச்சு வந்தது.

தம்பி

ஜனவரி 27

அன்புள்ள தம்பி,

படித்துவிட்டு அழுதேன். கால் வலிக்கிறதா என்று உன் மாமா பதறிப்போனார். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், அடுத்த வாரம் தோட்டத்துக்கு வருகிறேன். வரப்பை மறுபடி அடைத்துவிடாதே. அந்த வாய்க்காலை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆழப்படுத்தலாம். உன் வீட்டுக்காரியிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண் வலிக்கிறது. இனி எழுதாதே. போன் பண்ணு, எடுக்கிறேன்.

உன் அக்கா