படையலில் வைக்க ஒரு பானம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது. வாய் வரைக்கும் வரும், பக்கத்தில் ஆள் இல்லையே என்று விழுங்கிக்கொள்வேன். இன்றைக்கு விழுங்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேருக்கும் தெரிய வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

போன வாரம் உங்கள் முதல் தெவசம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏக்கத்தோடு திரும்பிப் போய்விடுவார் என்பார்கள். சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, கத்தரிக்காய்க் காரக்குழம்பு என்று மனசில் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். குடிக்க என்ன வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

இப்படி ஒரு சங்கடம் வேறு யாருக்காவது வருமா, சொல்லுங்கள்? சுற்றுலாக் கப்பலின் பாரில் நின்று உலகத்துப் பானங்களையெல்லாம் ஊற்றிக் கொடுத்தவர் நீங்கள். விடுமுறையில் நம் ஊர் நெரவிக்கு வந்தால் பெட்டியிலிருந்து சாமான் வருகிறதோ இல்லையோ, வாயிலிருந்து கதை வரும். எத்தியோப்பியாவில் ஏதோ ஒரு சிவப்புப் பழத்தைத் தின்ற ஆடுகள் தூங்காமல் குதித்துக்கொண்டே இருந்தனவாம், அதைப் பார்த்த ஆட்டுக்காரன்தான் காபியைக் கண்டுபிடித்தானாம். மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மருந்து கசக்கிறதென்று நம் நாட்டிலிருந்த வெள்ளைக்காரர்கள் அதில் ஜின்னைக் கலந்து குடித்தார்களாம், அதற்குத்தான் இன்றைக்குக் கப்பலில் அத்தனை கிராக்கி. மெக்சிகோவில் அந்தக் காலத்தில் சாக்லெட்டைக் கரைத்து மிளகாய் போட்டுக் குடித்தார்கள் என்று நீங்கள் சொன்னபோது, "அது ரசங்க" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் பாப்பா தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

துருக்கிக் கதையும் ஞாபகம் இருக்கிறது. அங்கே பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்கு, பெண் வேண்டுமென்றே காபியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுப்பாளாம். முகம் சுளிக்காமல் குடித்து முடிக்கிறானா என்று எல்லாரும் பார்ப்பார்களாம். நல்ல வழக்கம்தான், நம் ஊருக்கும் வரலாம் என்றேன். நீங்கள் மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

நம் பாப்பா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். காரைக்கால் கடற்கரைச் சாலையில் புதுசாக ஒரு கடை வந்திருக்கிறது என்று என்னையும் ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனாள். பபிள் டீயாம். ஜில்லென்ற டீக்கு அடியில் கறுப்பாக ஜவ்வரிசி உருண்டைகள், அதை உறிஞ்சுவதற்கென்றே தடித்த குழாய். பாயசத்தைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "இது எந்த ஊர்ச் சரக்குடி?" என்று கேட்டேன். அவள் கைபேசியைப் பார்த்து, "தைவான்மா" என்றாள். அவ்வளவுதான். யார் முதலில் போட்டார்கள், ஏன் போட்டார்கள், குடித்தவன் என்ன சொன்னான், ஒன்றும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் வீடு வந்து சேரும்வரை சொல்லியிருப்பீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரி, தெவசத்துக்கு வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் உங்கள் அண்ணன் ஒரு பையோடு வந்தார். உள்ளே வெளிநாட்டுப் பாட்டில். காரைக்காலில் இருந்துகொண்டு பாட்டிலுக்கா பஞ்சம்? எல்லை தாண்டி வந்தே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"அவுங்க குடிக்க மாட்டாங்க மாமா" என்றேன்.

"ஏம்மா, கப்பல் பார்ல இருந்தவன் குடிக்காமயா இருந்திருப்பான்? பொண்டாட்டிக்கிட்ட எவன் சொல்லுவான்?"

உங்கள் தங்கச்சி உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணனுக்குப் பன்னீர் சோடான்னா உசிரு அண்ணி. சின்ன வயசுல அம்மாகிட்ட அதுக்காகவே அடி வாங்கும்" என்றாள். பாப்பா, "இல்ல அத்தை, புதினா போட்ட சோடாதான் அப்பாவுக்குப் பிடிக்கும். எனக்குக்கூட போட்டுக் குடுப்பாங்க" என்றாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

நீங்கள் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். "தொட்டுக்கூட பாக்காம எப்படிங்க கலக்குறீங்க?" என்று ஒரு தடவை கேட்டதற்கு, "அளவு இருக்குல்ல, அப்பறம் மூக்கு எதுக்கு இருக்கு?" என்றீர்கள். அதை ஊருக்கும் சேர்த்தே இங்கே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தின்போதே "கப்பல்காரன், குடிகாரனாத்தான் இருப்பான்" என்று என் அப்பாவிடம் வந்து சொன்னவர்கள் இப்போதும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். படிக்கட்டும்.

ஆனால் உங்கள் அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தை உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. பொண்டாட்டிக்கு என்ன தெரியும்? கூட்டிப் பார்த்தால் நீங்கள் கப்பலோடுதான் அதிகம் குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள். வீட்டில் இருந்த நாட்களிலும் அடுத்தவர் குடித்ததைச் சொன்னீர்களே தவிர, எனக்கு இதுதான் பிடிக்கும் என்று ஒன்றைச் சொன்னதில்லை. நானாவது கேட்டிருக்கலாம். அடுத்த விடுமுறை, அதற்கடுத்த விடுமுறை என்று இருந்துவிட்டேன். நீங்களோ விடுமுறைக்கு வந்த இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஜெரால்டுக்கு போன் போட்டேன். உங்களோடு பாரில் நின்ற தூத்துக்குடித் தம்பி, நீங்கள் போனபோது கப்பலிலிருந்தே அழுதுகொண்டு பேசியவர். இப்போது ஊரில்தான் இருக்கிறார். "உங்க அண்ணனுக்குக் குடிக்க என்னதான் தம்பி பிடிக்கும்? நாளைக்குப் படையல் போடணும்" என்றேன்.

"சொன்னா கோவப்படுவீங்க மைனி" என்றார். அவர்கள் ஊரில் அண்ணி என்றால் மைனி.

ஒருவேளை உங்கள் அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று மனசுக்குள் ஓடியது. "பரவால்ல, சொல்லுங்க."

"காபிதான் மைனி. அங்க பெரிய மிசின் இருக்கும், இத்தாலி காபியெல்லாம் வரும். அண்ணன் அதத் தொட மாட்டாரு. வேல முடிஞ்சதும் ஒரு சின்னப் பாத்திரத்துல பால், பொடி, சீனி எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கொதிக்க வைப்பாரு. எறக்கி வைப்பாரு, திரும்பச் சூடு பண்ணுவாரு, திரும்ப எறக்குவாரு. சுண்டி, அடிப்பிடிக்கிற மாதிரி வந்தப்புறந்தான் குடிப்பாரு. நான் ஒரு தடவ வாயில வச்சிட்டு துப்பிட்டேன். என்னண்ணே இதுன்னு கேட்டதுக்கு, 'இது எங்க வீட்டுக் காபிடா, உனக்குப் புரியாது'ன்னாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் காபி குடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பித்தம், தலை சுற்றும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் டீதான். அதனால் நான் போடுகிற காபி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. விடியும் முன்பே எழுந்து என் டீயோடு உங்கள் காபியையும் சேர்த்துப் போட்டு வைத்துவிடுவேன். ராத்திரி வேலை பார்த்துப் பழகிய கப்பல் தூக்கம் உங்களை எப்போது விடும் என்று யார் கண்டது? நீங்கள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் சூடு பண்ணுவேன். எழுந்திருக்க மாட்டீர்கள். மறுபடி புரளுவீர்கள், மறுபடி சூடு பண்ணுவேன். எழுந்து வந்து வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்பீர்கள். நன்றாக இருக்கிறது போல என்று மிச்சத்தையும் ஊற்றுவேன்.

மறுநாள் அப்படியே போட்டேன். கொதிக்க வைத்து, இறக்கி, திரும்பவும் ஏற்றி. "அண்ணி, காபி தீயுது" என்று உங்கள் தங்கச்சி ஓடி வந்தாள். "தீயட்டும்" என்றேன். இலைக்குப் பக்கத்தில் அந்த ஒரு டம்ளர்தான் வைத்தேன். உங்கள் அண்ணன் பாட்டிலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சூடம் காட்டி, காக்காய்க்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் பையையும் காணோம், அவரையும் காணோம்.

படையலில் வைத்ததை வீணாக்கக் கூடாது. வறுவலும் தொக்கும் வந்த வேகத்தில் காலியாகிவிட்டன. காபியைப் பாப்பா உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். நான்தான் குடித்தேன். எனக்குத் தெரிந்து நான் குடித்த முதல் முழு டம்ளர் காபி.

என்னங்க, இதையா? இந்தக் கசப்பையும் காந்தலையுமா கேட்டு வாங்கிக் குடித்தீர்கள்? உலகத்தில் இருக்கிற நல்ல காபியெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க, கடல் நடுவில் போய் இதையா கொதிக்க வைத்துக்கொண்டு நின்றீர்கள்? எத்தனை ஊர்க் கதை சொன்னீர்கள், இந்த ஒரு கதையை மட்டும் ஏன் சொல்லாமல் போனீர்கள்? மூக்கில் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன். தலை சுற்றத்தான் செய்தது.

பாப்பா ஃபில்டர் வாங்கி வந்து நல்ல காபி போடக் கற்றுத் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள்மேல் சத்தியமாகக் கற்றுக்கொள்ள மாட்டேன். நான் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு தெவசத்துக்கும் உங்களுக்கு இதே சுண்டின காபிதான். வந்து குடியுங்கள். குடித்துவிட்டு, ஒரு தடவையாவது வாயைத் திறந்து என்னைத் திட்டிவிட்டுப் போங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி