தக்காளிக்குக் கீழே இருந்த முகம்

அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் சளியும் விட்டுப்போய், வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசாமல் ஏன் இவ்வளவு நீள மெயில் என்று நினைப்பாய். போன் என்றால் நடுவில் ஒரு ஜோக் அடித்து நழுவிவிடுவேன், நீயும் சிரித்துத் தொலைப்பாய், அதனால் இதைக் கடிதமாகவே படி. அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, மாடிப்படி ஒன்று கூடுதலாகத் தெரிகிறதாம், காலைத் தூக்கித் தூக்கி வைத்து இறங்குகிறார். மேல்வீட்டுக்காரர் மறுபடியும் பால்கனியைக் கழுவி நம் துணியை நனைத்துவிட்டார். இணையத்தில் நம் கிண்டல் பக்கத்தில் ஏன் நாலு நாளாக ஒன்றும் போடவில்லை என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் போலிருக்கிறது.

நீ ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பக்கத்தை என் கையில் கொடுத்தாய். காலையில் ஓர் அரசியல் விமர்சனம், மதியம் ஒரு கிண்டல், சாயங்காலம் எங்கேயாவது கண்டெடுத்த பழைய சினிமாப் போஸ்டர். சட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் நீ போட்டது. பதவியில் இருக்கிறவர்கள் முகம் தெரியலாம், சாதாரண ஜனங்கள் முகத்தின் மேல் தக்காளிப் படம் ஒட்டிவிட வேண்டும். அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை என்று எனக்கு ஒரு பெருமை வேறு. நாளாக ஆக, படம் வந்ததுமே கை தானாகத் தக்காளியை ஒட்டிவிடும். முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

போன வாரம் ஒரு வாசகர் படம் அனுப்பினார். குடிநீர் அலுவலகம், மூன்றாவது கவுன்டர். ஒருவர் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்குகிறார், பின்னால் "உங்கள் சேவையில் என்றும் விழிப்புடன்" என்று போர்டு. எனக்கு வாயெல்லாம் பல். கிளினிக் வரவேற்பு மேஜையில் இருந்தேன், எதிரே கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் முனகிக்கொண்டிருந்தார், அவரைக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, தக்காளியை ஒட்டி, படத்தைச் சதுரமாக வெட்டி, "அமைச்சர் சொன்ன மின்னல் வேக நிர்வாகம் இதுதான், குறட்டை கேட்கிறதா?" என்று எழுதிப் போட்டேன். மதியத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. நீயும் மூன்று சிரிப்புப் பொம்மை போட்டாய். உன் மாமாவும் ஒன்று போட்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, அக்கா, அந்தத் தக்காளிக்குக் கீழே இருக்கிறது நான்தான் என்றான். அவன் வேலை செய்கிற குடிநீர் அலுவலகத்துக்கு ஊரில் பத்துக் கிளை, எல்லாவற்றிலும் இதே போர்டு, இதே நாற்காலி, அதனால் என்னைப்போலவே முதலில் அவனுக்கும் தெரியவில்லையாம். சிரித்துப் பொத்தானை அழுத்தின பிறகுதான், மேஜைக்கடியில் சிவப்பு ஷூ லேஸ் கட்டின சாப்பாட்டுப் பை கண்ணில் பட்டிருக்கிறது. அந்த லேஸைக் கட்டிக்கொடுத்ததே நான்தானடி. அத்தைக்குக் கால் முறிந்து மூன்று வாரமாகிறது, அவன் விடியுமுன் எழுந்து சமைத்து, அவளைக் குளிப்பாட்டி உட்காரவைத்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறான். சாப்பாட்டு வேளையில் பத்து நிமிஷம் கண்ணை மூடுடா, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று புத்தி சொன்னவளும் நான்தான்.

இப்போது அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். முதல் விசாரணையில் அது சாப்பாட்டு இடைவேளை என்று சொல்லியிருக்கிறான், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். அந்த வாசகர் அனுப்பிய முழுப் படத்தை, அவன் முதலில் வந்து சொன்ன அன்றைக்கே தேடி எடுத்துப் பார்த்தேன். போர்டுக்குப் பக்கத்தில் சுவர்க் கடிகாரம் இருக்கிறது, மணி ஒன்று இருபது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து கவுன்டரை மறுபடி திறப்பதே ஒன்றரைக்கு. சதுரமாக வரவேண்டும் என்பதற்காக அந்தக் கடிகாரத்தை வெட்டி எறிந்தது நான். பதிவை உடனே எடுத்துவிட்டேன், ஆனால் முழுப் படத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் பக்கம் என்னுடையது என்று தெரிந்துவிடும், டாக்டருக்குத் தெரியும், வருகிற நோயாளிகளுக்குத் தெரியும். ஊரையே நக்கலடித்த எனக்கு, என்னை ஒருவர் அப்படிப் பார்ப்பதை நினைக்கவே முடியவில்லை. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். யார் நடத்துகிற பக்கம், உனக்குத் தெரியுமா என்று அவனைக் கேட்டார்களாம், பதில் சொல்லாமல் நின்றிருக்கிறான். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்தவன், உன்னை ஏன்க்கா இழுக்கணும், நீ நாலு பேர் வந்துபோகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் என்றான். ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போது, எழுதினது நல்லாத்தான்க்கா இருந்துச்சு, நானே சிரிச்சேனே என்றான் பார், அதற்கு அவன் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

இன்று காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நாளைக்கு லீவு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், போய்ட்டு வாங்க என்றார், அவ்வளவுதான். நாளைக்குப் பத்து மணிக்கு இரண்டாவது விசாரணை. முழுப் படத்தோடு நானே போய் நிற்கப்போகிறேன். அவனை வேலையில் திரும்பச் சேர்ப்பார்களா என்று தெரியாது, அந்தக் கடிகாரத்தையாவது அவர்கள் பார்க்கட்டும். போகுமுன் நம் பக்கத்திலும் போடுவேன், வெட்டாத படம், நான் செய்தது இன்னது என்று நாலு வரி, கூடவே என் போட்டோ. அதில் தக்காளி இருக்காது. நீ ஆரம்பித்த பக்கத்தை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு. கீழே நிறையப் பேர் திட்டுவார்கள். எனக்காக நீ சண்டைக்குப் போகாதே, அது எனக்கு வரவேண்டியதுதான்.

நீ நன்றாக இரு, கண்ணு. எதிரில் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பழகுகிற பிள்ளை நீ, அது உன்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும். சளி மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நாளைக்கு மாமாவுக்கு ஒரு போன் போடு. நீயாக ஜோக் எதுவும் சொல்லாதே. அவன் சொன்னால் மட்டும் சிரி.

ஆசிகளுடன்,
தலை குனிந்தபடி உன் அம்மா