மூங்கில் ஆணி

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட அப்பாவின் ஜப்பானிய வாளை நாளை பார்சலில் அனுப்புகிறேன். பிடி ஆடியதால், பழைய ஆயுதங்களைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்திருந்தேன்.

மாதாமாதம் எண்ணெய் பூசும்போது, "பிடியில இருக்கிற மூங்கில் ஆணிய மட்டும் தொடாதீங்க" என்பாரே அப்பா. பழுது பார்ப்பவர் முதலில் அதைத்தான் தட்டி எடுத்தார். பிடிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. அப்பாவின் கையெழுத்தில் ஏழு பெயர்கள். கீழே ஜப்பானிய அதிகாரியின் முத்திரை, ஒரு வரி.

பழுது பார்ப்பவருக்கு ஜப்பானிய மொழி தெரியும். "உதவிக்கு நன்றியா இந்த வாளைக் குடுக்கிறேன்னு இருக்கும்மா. அப்பா சண்டையில பறிச்சதுன்னு சொன்னீங்களே" என்றார்.

போரின்போது நம் ஊரை ஆண்ட ஜப்பானியர் அந்த ஏழு பேரையும் வீடு புகுந்து பிடித்துப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மூன்றாவது பெயர் உன் மாமனாருடையது.

தகப்பனில்லாத அந்தப் பிள்ளைக்குத்தான் உன்னைக் கொடுப்பேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாரே. இரக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தாளை எரிக்கக் கை வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்து ஆணியை அடித்துவிட்டேன். மாப்பிள்ளையை மறக்காமல் எண்ணெய் பூசச் சொல். ஆணியைத் தொட வேண்டாம் என்று சொல்வதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துக்கொள்.

உன் அக்கா