வழிமொழிந்தவர் பெயர்

மாட்டாய்பர்ன், நியூசிலாந்து
11 மார்ச் 1979

அன்புள்ள கொலினுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் ரோவீனாவும் குழந்தையும் லண்டன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்கு நெஞ்சுச் சளி என்று எழுதியிருந்தாய், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். இங்கே ஆறு வாரமாக மழை இல்லை, ஆற்றோரப் புல்லெல்லாம் கருகி, பசுக்கள் பாதிப் பால்தான் தருகின்றன. அப்பாவும் நானும் பேசிக்கொள்ளாமல் ஒன்பது நாள் ஆகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர்ப் போர் நினைவு மண்டபத்துக்கு இந்த ஈஸ்டரோடு இருபத்தைந்து வயது. மண்டபக் குழுத் தலைவர் ஹெக்டர் மெக்காஸ்கில் வீட்டுக்கே வந்து, நீதான் ஐவி மண்டப வரலாற்றை எழுதணும், உனக்குத் தெரியாததா என்று தேனாகப் பேசி, பழைய கூட்டக் குறிப்பேடுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தெரியாமல் என்ன? நீ கைக்குழந்தை, உன்னை ஆப்பிள் பெட்டியில் படுக்கவைத்துவிட்டு அஸ்திவாரத்துக்கு நானும் கல் சுமந்தேன். 'பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவரவும்' என்று அறிவிப்பு போடும்போதெல்லாம் தட்டு தட்டாகச் சுட்டுக்கொண்டு போனேன். திறப்பு விழா அன்றும் முட்டை சாண்ட்விச் தட்டும் கையுமாகத்தான் நின்றேன். மூடியிருந்த கொடியை விலக்கினார்கள், போரில் செத்த ஊர்ப் பையன்களின் பலகையில் பதினொரு பெயர் தங்க எழுத்தில் மின்னியது. இத்தாலியில் செத்த என் தம்பி வில்ஃப் பெயர் இல்லை. எழுதினவன் விட்டுட்டான் ஐவி, நான் சொல்லிச் சேர்த்துடுறேன் என்று உன் அப்பா என் தோளைத் தட்டினார். நானும் நம்பினேன். வருஷா வருஷம் கேட்பேன், வருஷா வருஷம் அதே பதில். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டேன், என் புத்தியைச் சொல்லணும்.

குறிப்பேட்டைப் புரட்டினால் வேறு கதை இருக்கிறது, கொலின். பட்டியலில் பன்னிரண்டு பெயர். பன்னிரண்டாவது வில்ஃப். அதன்மேல் ஒரு கோடு. கீழே ஹெக்டரின் தீர்மானம்: பட்டாளத்தில் பெயர் கொடுத்த அன்று இந்த ஊரில் குடியிருந்தவர்கள் மட்டும். பாவிப் பையன் ஆறு வாரம் ஆற்றுக்கு அக்கரையில் ஆட்டுக்கு ரோமம் வெட்டப் போயிருந்தான், அங்கிருந்தே பெயர் கொடுத்தான். அக்கரை மண்டபப் பலகையிலாவது போடுங்கள் என்று முன்பு நான் கேட்டதற்கு, அவன் உங்க ஊர்ப் பையன்தானே என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். ஆக, இரண்டு கரையிலும் அவனுக்கு இடமில்லை. தீர்மானத்தை வழிமொழிந்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் பாஸ்க். உன் அப்பா.

பால் கறந்துவிட்டு வந்தவர் முன்னால் ஏட்டை விரித்தேன். கை கழுவிக்கொண்டே பார்த்தார். யாராவது ஒருத்தர் வழிமொழியணும்ல ஐவி, மணி நாலாயிடுச்சு, மாடெல்லாம் மடி கனத்துக் கத்திக்கிட்டு நிக்குது, ஹெக்டரு பேச ஆரம்பிச்சா நிறுத்துவானா, எந்தத் தீர்மானம்னுகூடக் கேக்காம கையத் தூக்கிட்டேன், அப்புறந்தான் தெரிஞ்சுது என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், எந்தக் கூட்டமானாலும் சீக்கிரம் கலைய வேண்டும் என்று எதையும் வழிமொழிகிற மனுஷன். அதைக்கூட மன்னித்திருப்பேன். இருபத்தைந்து வருஷம் பலகை எழுதினவன் மேல் பழியைப் போட்டாரே, அவனை நான் கடைத்தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுகூட வாயைத் திறக்கவில்லையே, அதுதான் பொறுக்கவில்லை.

போன வியாழக்கிழமை ஆண்டுக் கூட்டம். வில்ஃப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று நானே எழுந்து முன்மொழிந்தேன். ஹெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேரெல்லாம் அகர வரிசையில இருக்கு ஐவி, நடுவுல சொருக இடமில்ல, கடைசியில போட்டா அசிங்கமா இருக்கும் என்றார். செத்தவனுக்கு அகர வரிசை தெரியுமா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வழிமொழிபவர் உண்டா என்று கேட்டார் ஹெக்டர். உன் அப்பா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினால் பழைய கதை வெளியே வந்துவிடுமாம். வழிமொழிபவர் இல்லாததால் கைவிடப்பட்டது என்று எழுதிவிட்டு அடுத்ததாகத் தேநீர்க் கெண்டி வாங்குவதைப் பற்றிப் பேசினார்கள்.

வரலாறு எழுதி முடித்துவிட்டேன். அந்தத் தீர்மானப் பக்கம் அதில் அப்படியே இருக்கிறது, வழிமொழிந்தவர் பெயரோடு. ஈஸ்டருக்கு அச்சாகும், இல்லையென்றால் நானே தட்டச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பேன். அப்பா ஊருக்குள் தலை காட்ட முடியாது என்று புலம்புகிறார். அவர் புலம்பட்டும்.

குழந்தைக்கு என் முத்தம். மூவரும் நூறு வருஷம் குறையில்லாமல் வாழ வேண்டும். ஒன்று மறக்காதே, அப்பாவும் தனியாக உனக்கு எழுதுவார். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி அம்மாவுக்கு நீ எழுதுப்பா என்று கெஞ்சுவார். உன் அப்பாதான், பதில் போடு, அன்பாகவே போடு. ஆனால் அதை மட்டும் நீ வழிமொழிந்துவிடாதே.

உன் அம்மா,
வில்ஃபின் அக்காள்,
ஐவி