காதுக்குள் போன வண்டு

மதினி,

இன்று காலை முற்றம் பெருக்கும்போது விளக்குமாற்றில் ஈசல் சிறகுகளாக ஒட்டிக்கொண்டு வந்தன. உதறிவிட்டு வேலையைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது.

விக்கிரமசிங்கபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு நான் மகளோடு வரும்போதெல்லாம் அங்கே பூச்சி விளையாட்டுத்தான். பாயில் பிடித்த பூச்சிகளை விட்டு, சுற்றித் தெருப் பிள்ளைகள் குப்புறக் கிடப்பார்கள், நடுவில் நீங்களும். "எது வெளிச்சத்துக்கு ஓடுது, எது இருட்டுக்கு ஓடுது, பாத்துச் சொல்லுங்கட்டி" என்பீர்கள். ஒரு வீட்டு மருமகள் இப்படித் தரையில் புரளலாமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று மத்தியானம் அண்ணன் மில்லுக்குப் போயிருந்தான். வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்து, அது பிறாண்டும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். அப்போது ஐந்து வயதான என் மகள், பெட்டி எதற்கு என்று வண்டையே காதில் வைத்துவிட்டாள். மிளகளவு வண்டு. உள்ளே போய்விட்டது.

அவள் கூச்சல் போட்டாள். நம் வீட்டு வைத்தியம்தானே என்று இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை அடுப்பில் காட்டினேன். அது புகைந்ததைக்கூடக் கவனிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"ஏட்டி, பொறு! எண்ணெ கொதிக்கு. காது வெந்துபோகும்."

"விடுங்க மதினி! பெத்தவளுக்குத்தான் தெரியும். ஒங்களுக்குப் பிள்ளை இல்லைன்னு எம்பிள்ளைய வச்சு வெளையாடுதியளா?"

உங்கள் முகம் செத்துப்போனது. பிடியை மட்டும் விடவில்லை. கரண்டியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, கதவு சன்னலையெல்லாம் சாத்தினீர்கள். இருட்டில் பிள்ளையை மடியில் ஒருக்களித்துப் போட்டு, காதோரம் விளக்கைப் பிடித்தீர்கள்.

"அசையாத, கண்ணு. எங்கன நடக்குன்னு அத்தைக்குச் சொல்லு."

"வலிக்கு அத்தை... உள்ள போகுது..."

"பைய வரும். சொல்லு."

"நிக்கு... திரும்புது அத்தை!"

வண்டு காது மடலுக்கு வந்து, விளக்கைப் பார்த்து நடந்தது. மகள் அழுகையோடு சிரித்தாள். நீங்கள் எழுந்து கதவைத் திறந்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் பெட்டியோடு வந்து நின்றார்கள். "சோலி கிடக்கு, போங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் ஒருநாளும் பாயில் உட்காரவில்லை. நான் சொன்னதை நீங்கள் அண்ணனிடமாவது சொல்லியிருக்கலாம். அவன் என்னை ஏசியிருப்பான். அந்தச் சாக்கில் உங்கள் காலைப் பிடித்திருப்பேன். நானாக வந்து கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தை ஏன் பிறகு தன்னோடு விளையாடவே இல்லை என்று மகள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களுக்குப் பூச்சியென்றால் பயம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன், மதினி. அவள் நம்பிவிட்டாள்.