இரண்டே பிரதிகள்

06.06.2006, செவ்வாய்
பதுளை ஆலய ஒலிநூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். கூரை ஒழுகி, முந்நூறு சீடி இசைத்தட்டுகளின் அட்டைகள் கூழாகிவிட்டன. எது எந்தத் தட்டு என்று யாருக்கும் தெரியாது. இதற்கென பைதன் கணினி மொழியில் யாரோ எழுதிவைத்த ஒரு நிரல், லைப்ரரி என்பார்கள், இருக்கிறது. தட்டைக் கணினியில் போட்டால், பாட்டுகளின் நீளத்தை வைத்து ஓர் அடையாள எண் தரும். அந்த எண்ணை இணையப் பட்டியலிடம் கேட்டால், எங்கோ அதே தட்டை வைத்திருக்கும் யாரோ எழுதிச் சேர்த்த பெயர்கள் வரும்.

"செஞ்சு பாரும்மா ஜெசிந்தினி" என்றார் பாதர்.

பசறை பஸ்ஸில் வீடு. வாசலிலேயே அத்தை: "லூக்காஸ்கிட்ட இருந்து ஏதும் வந்துச்சா?"

"இல்லீங்க அத்தை."

என் கணவர், அத்தையின் மகன் லூக்காஸ், கட்டாருக்கு வேலைக்குப் போனது 2003இல். கடிதம் நின்று இரண்டு வருடம். அத்தையின் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

07.06.2006
இன்ஸ்டால் ஆகவில்லை. ஏதோ ஒரு கோப்பு குறைகிறதாம்.

09.06.2006
குறைந்த கோப்பை இறக்குவதற்குள் இணைப்பு மூன்று முறை அறுந்தது. இடி. நாலாவது முறை ஓடியது. முதல் தட்டு, எண் வந்தது, பெயரும் வந்தது. சந்தோஷப்பட வேண்டும். பட்டேனா?

14.06.2006
பட்டியலில் இல்லாத தட்டைப் போட்டால் என் நிரல் என்ன சொல்லும் என்று பார்க்க நினைத்தேன். எங்குமே இருக்க முடியாத தட்டு என்னிடம் ஒன்று உண்டு. அவர் போவதற்கு முந்தின வாரம், நான் கோயிலில் பாடியதைப் பதிந்து அவரே சீடியாக்கியது. இரண்டே பிரதிகள். எனக்கொன்று, அவருக்கொன்று.

கிடைத்தது.

ஏழு பாட்டின் பெயரும் சரி. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. பாடியவர் என்ற இடத்தில் - "என் மறைந்த மனைவி".

மறுபடி ஓட்டினேன். அதே வரி. இன்னொரு பிரதி அவரிடம்தான்; எழுதிச் சேர்த்ததும் அவர்தான்.

உயிரோடுதான் இருக்கிறார். யாருக்கோ போட்டுக் காட்டியிருக்கிறார். நான் செத்துட்டேன்னு சொல்லியா? எப்போ செத்தேன் நான்?

அன்றைய பங்கில் மிச்சமிருந்த பதினாறு தட்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

15.06.2006
அழுகை வரவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

17.06.2006
சொல்லிவிட்டேன். "அவரு உசுரோட இருக்காரு அத்தை. இணையத்துல எழுதியிருக்காரு."

"என்னாத்த எழுதியிருக்கான்?"

"நான் பாடின பாட்டோட பேரு. பாடினவ செத்துப்போயிட்டாள்னு."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "என்னப் பத்தி?"

"ஒன்னும் இல்லீங்க."

மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு, "சோறு வடிச்சிட்டியா?" என்றார்.

19.06.2006
இணையப் பட்டியலுக்குத் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பலாம். அந்த வரியை எடுத்துவிட்டு 'ஜெசிந்தினி' என்று போட்டு அனுப்பினேன்.

02.07.2006, ஞாயிறு
மாதத்தின் முதல் ஞாயிறு, அத்தை எழுதிக்கொடுத்த வேண்டுதலைப் பாதர் பூசையில் வாசிப்பார்: "லூக்காஸ் நலமாக இருக்கவும், வீடு திரும்பவும்."

இன்று, "லூக்காஸ் நலமாக இருக்க" என்பதோடு நின்றுவிட்டது. பாதர் மறந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாந்தான் எடுக்கச் சொன்னேன்."