ஆள்காட்டி முட்டைக்குக் கட்டிய சிவப்புத் துணி

அக்கா,

எதிர்வீட்டு வாசலில் இன்று காலை ஒரு டிப்பர் மணல் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆற்று மணல்தான், ஈர வாசத்திலேயே தெரிந்துவிட்டது. இருக்கிற வீட்டில் இடம் போதாதாம், மூன்றாவது மாடி எழுப்புகிறார்கள். வீட்டுக்காரர் ஒரு கை அள்ளிக் காட்டி, "ஒரிஜினல் அமராவதிங்க, இப்பெல்லாம் கெடைக்கறதே இல்லீங்க" என்று பெருமை பேசினார். எப்படிக் கிடைக்கும்? வழித்து எடுத்தாயிற்றே. முகம் கொடுத்துப் பேசப் பிடிக்காமல் கதவைச் சாத்திவிட்டேன்.

நாம் இருவரும் நம் ஊர் கணியூரிலிருந்து பனியன் கம்பெனி வேனில் வந்துபோன காலம் நினைவுக்கு வந்தது. நீங்கள் செக்கிங்கில், நான் கட்டிங்கில். ஞாயிறு ஆனால் நீங்கள் ஆடுகளை அமராவதி ஆற்றுக்கு ஓட்டிப் போவீர்கள், நானும் தொற்றிக்கொள்வேன். கோடையில் ஆள்காட்டிக் குருவிகள் திறந்த சரளைமேட்டில் முட்டையிடும். முட்டையும் கூழாங்கல்லும் ஒரே நிறம். ஆடு மிதித்துவிடக் கூடாதென்று சுற்றிலும் குச்சி நட்டு, கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணியைக் கட்டிவிடுவீர்கள். எப்போதும் சாம்பல் நிறம்தான் கேட்பீர்கள். அந்த வருடம் நான் சிவப்பைக் கொண்டுவந்தேன்.

"இது ரொம்பப் பளிச்சுனு இருக்குது கண்ணு. காக்காய்க்குக் காட்டிக் குடுத்துரும்" என்றீர்கள்.

"மணல் லாரிக்காரன் கண்ணுலயும் படட்டுங்க்கா. அப்பத்தான் ஒதுங்கிப் போவான்" என்றேன். பெரிய மூளைக்காரி! நீங்களும் சிரித்துக்கொண்டே கட்டினீர்கள்.

அடுத்த ஞாயிறு போனபோது சரளைமேடே இல்லை. ஆள் முழுகும் பள்ளம்தான் இருந்தது. மணல் எடுப்பவர்கள் தோண்ட வேண்டிய இடத்துக்குச் சிவப்புத் துணி கட்டித்தான் அடையாளம் வைப்பார்களாம். நமக்கு அது தெரியாது. பொக்லைன்காரன் நம் குச்சிகளைப் பார்த்து நேராக அங்கேயே இறக்கியிருக்கிறான். குருவிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. கரையில் பொந்து வைத்திருந்த பஞ்சுருட்டான் குருவிகளும் சரிந்த மண்ணோடு போயிருந்தன.

அவர்களுடைய மேஸ்திரி வந்தான். "கொடி நட்டது யாருங்க? எங்க ஆளுன்னு நெனச்சு வண்டிய எறக்கீட்டமுங்க. எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

"நானுங்க" என்றீர்கள். நான் ஆட்டைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் ஆற்றுக்குப் போகவே இல்லை. ஆடுகளையும் விற்றுவிட்டீர்கள். மணல்காரர்கள் மட்டும் விடாமல் வந்தார்கள். நீர்நாயின் கால்தடத்தை எனக்குக் காட்டினீர்களே, அந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும்தான். ஒரு குருவி இறங்கி நிற்கக்கூட மணல் மிச்சமில்லை. பாவிகள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குருவிங்க பாவம் என்னைப் புடிச்சிருச்சு கண்ணு" என்றீர்கள். சிவப்பு யாருடைய யோசனை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "அப்படியெல்லாம் இல்லீங்க்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மணல்காரன்மேல் எனக்கு இன்னும் கொலைவெறிதான் அக்கா. ஆனால் அவனைத் திட்ட வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு "நான்தானுங்க" என்று சொல்லாமல் உங்களை முன்னே நிற்க விட்ட வாய் இது என்பது ஞாபகம் வந்துவிடுகிறது.